கொர்னேலியன் செரி வளர்ப்பு: காட்டு மரமா, கீவ் இரகமா, ஆஸ்திரிய ஒட்டுக்கன்றா?

ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்துப் பூங்காக்களில் பிப்ரவரி கடைசியில் ஒரு மரம் கண்ணில் படும். இலை ஒன்றுகூட இருக்காது, ஆனால் கிளையெல்லாம் மஞ்சள் பூ. ஆகஸ்ட் கடைசியில் அதே மரத்தடியில் நீள்வட்டச் சிவப்புப் பழங்கள் சிதறிக் கிடக்கும், குனிந்து எடுப்பார் இருக்காது. அதுதான் கொர்னேலியன் செரி. ஜெர்மனியில் கொர்னெல்கிர்ஷே, ஆஸ்திரியாவில் டிர்ண்டல், சுவிஸ் பேச்சில் டியர்லி. துருக்கிக் கடையில் கிஸில்ஜிக் என்று எழுதிய ஜாம் போத்தலைப் பார்த்தால் அதுவும் இதே பழம்தான். பெயரில் செரி இருக்கிறதே தவிர, செரிக் குடும்பத்தோடு இதற்கு எந்த உறவும் இல்லை.

மத்திய ஐரோப்பாவில் வீட்டோடு ஒரு துண்டு நிலமோ, சங்கத்திடம் குத்தகைக்கு எடுத்த தோட்டமோ வைத்திருக்கிற தமிழர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வெண்டிக்காயும் முருங்கையும் இங்கே குளிரோடு மல்லுக்கட்ட வேண்டிய பயிர்கள். இந்த மரம் இந்த மண்ணுக்கே உரியது, புளிப்பும் நம் நாக்குக்குப் பழகியது.

நர்சரிப் பட்டியலைத் திறந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது ஒரு பழம் எத்தனை கிராம் என்பதைத்தான். நான் அதைக் கடைசியில் பார்க்கச் சொல்வேன். பழத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், உங்கள் ஊரில் வெயில் எப்போது முடிகிறது, பக்கத்தில் மகரந்தம் கொடுக்கத் துணை மரம் உண்டா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்தால் இரகம் தானாக முடிவாகிவிடும்.

முதலில், மற்ற பழமரங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால், செரி, பிளம், ஆப்பிள் ஆகியவற்றை விட்டு இதை ஏன் நட வேண்டும்?

இனிப்புச் செரியில் செரி ஈயின் புழு வரும். போதாக்குறைக்கு, 2008-இல் ஐரோப்பாவுக்குள் வந்த சுஸுகி பழ ஈ 2011 முதல் ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் இருக்கிறது. பிளம் மரத்துக்கு ஷார்க்கா வைரஸ் இருக்கிறது, பிளம் புழுவும் இருக்கிறது. ஆப்பிளுக்குச் சொறி நோய். இவற்றுக்கு மருந்து அடிக்காமல் விளைச்சல் எடுப்பவர்கள் உண்டு, ஆனால் அது உழைப்பு. கொர்னேலியன் செரிக்கு வீட்டுத் தோட்டத்தில் மருந்து தேவைப்படுவது அரிது. ஷார்க்கா பிளம் இனத்தின் நோய், இங்கே அதற்கு வேலை இல்லை. சுஸுகி ஈ மட்டும் மெல்லிய தோலுள்ள எந்தப் பழத்தையும் விட்டுவைக்காது. அதனால் கீழே விழுந்த பழத்தை நாள்கணக்கில் அழுக விடக்கூடாது.

உறைபனி விஷயத்தில் ஒரு வேடிக்கை. 2017 ஏப்ரலில் வந்த பனி மத்திய ஐரோப்பாவில் செரி, ஆப்பிள், திராட்சை மூன்றையும் அடித்துப் போட்டது. கொர்னேலியன் செரி அவற்றுக்கெல்லாம் முன்னாலேயே பூக்கிறது, அந்தப் பூ பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரியைத் தாங்கும். பலவீனம் வேறு இடத்தில். பூக்கும் இரண்டு மூன்று வாரமும் மழையும் குளிருமாக இருந்தால் தேனீ கூட்டை விட்டு வெளியே வராது. பூ பிழைத்துக்கொள்ளும், காய் பிடிக்காது. எனவே காற்று சுழன்று அடிக்கிற மூலையில் நடாதீர்கள். நண்பகல் வெயில் விழும் இடம்தான் இதற்கு வேண்டும். அந்தப் பருவத்தில் தேனீக்கு வேறு தீனி அதிகம் கிடையாது என்பதால் அவையும் தேடி வரும்.

மண் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுண்ணாம்பு கலந்த மண்ணை விரும்பும், களிமண்ணையும் பொறுக்கும், தண்ணீர் தேங்குவதை மட்டும் பொறுக்காது. வேரூன்றிய பிறகு வறட்சியைத் தாங்கும், ஆனால் காய்ந்த கோடையில் இலை சுருண்டு பழம் சிறுத்துவிடும்.

காட்டுக் கன்றா, ஒட்டுக் கன்றா?

கடையில் இரண்டு விதமாகக் கிடைக்கும். இரகப் பெயர் எதுவும் இல்லாமல் கொர்னஸ் மாஸ் என்ற தாவரவியல் பெயரை மட்டும் எழுதி, வேலிச் செடிகளோடு மலிவாக விற்பது விதையில் வளர்ந்த கன்று. இரகப் பெயரோடு பல மடங்கு விலையில் இருப்பது ஒட்டுக்கன்று.

விதைக் கன்றில் ஒவ்வொரு மரமும் ஒவ்வொரு மாதிரி. பழம் பெரும்பாலும் 2 கிராம் சுற்றுவட்டம், அதில் கொட்டையே ஐந்தில் ஒரு பங்கு வரை போய்விடும். காய்க்க 6 முதல் 10 ஆண்டு ஆகலாம். ஒட்டு இரகங்களில் பழம் 5 முதல் 7 கிராம், கொட்டை பத்தில் ஒரு பங்குதான், நட்ட இரண்டு மூன்று ஆண்டில் காய் பார்க்கலாம்.

இதைப் படித்தால் காட்டுக் கன்றை யார் வாங்குவார்கள் என்று தோன்றும். ஆஸ்திரியாவில் சாங்க்ட் பொல்டன் நகருக்குத் தென்மேற்கே பீலாக் பள்ளத்தாக்கு இருக்கிறது. டிர்ண்டல் பள்ளத்தாக்கு என்றே அதை அழைக்கிறார்கள், செப்டம்பரில் பழத்துக்குத் திருவிழா எடுக்கிறார்கள். அங்கே பேர் வாங்கிக் கொடுத்தது பட்டியலில் உள்ள இரகம் எதுவும் இல்லை. வேலியோரத்திலும் சரிவிலும் தலைமுறைகளாக நிற்கும் விதை மரங்கள்தான். மரத்தடியில் வலை விரித்து, விழுகிற பழத்தைச் சேர்த்து ஜாமும் சாராயமும் காய்ச்சுகிறார்கள். சிறிய பழத்தில் புளிப்பும் துவர்ப்பும் தூக்கலாக இருக்கும். ஜாமுக்கும் சாற்றுக்கும் அந்தத் தூக்கல்தான் வேண்டும். கையில் எடுத்து அப்படியே தின்னத்தான் பெரிய பழம் வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. காட்டுக் கன்று அந்தந்த வட்டாரத்து மரபு. ஜெர்மனியில் மோசல் கரையிலும் தூரிங்கியாவின் சுண்ணாம்புக் குன்றுகளிலும், சுவிட்சர்லாந்தில் ஜூரா அடிவாரத்திலும் இது இயற்கையாக வளர்கிறது. ஜெர்மானியச் சட்டப்படி 2020 மார்ச் 1 முதல், ஊருக்கு வெளியே திறந்தவெளியில் நடுகிற செடி அந்த வட்டாரத்து மூலத்திலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், இல்லையென்றால் அனுமதி வாங்க வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வயலோர வேலிக்கு நடுவதாக இருந்தால் வட்டார மூலச் சான்றுள்ள கன்றைக் கேட்டு வாங்குங்கள்.

என் கருத்து: இரண்டும் வேண்டும். ஒன்று வட்டாரத்து விதைக் கன்று, ஒன்றிரண்டு ஒட்டுக் கன்று. ஏன் என்பது துணை மரம் பற்றிய பகுதியில் வரும்.

இரகங்களைப் பார்ப்போம்

இன்று ஐரோப்பிய நர்சரிகளில் கிடைக்கும் நல்ல இரகங்களில் பெரும்பகுதி கீவ் நகரிலிருந்து வந்தவை. அங்குள்ள ஹ்ரிஷ்கோ தேசியத் தாவரவியல் பூங்காவில் ஸ்விட்லானா கிளிமென்கோ என்ற விஞ்ஞானி பல பத்தாண்டுகள் இந்த ஒரு பழத்தின் பின்னால் நின்றார். வைடுபெட்ஸ்கி, லுக்யானிவ்ஸ்கி என்ற இரகப் பெயர்கள் கீவ் நகரத்தின் இடப்பெயர்கள்தான். வைடுபிச்சி மடம் அந்தப் பூங்காவின் காலடியிலேயே இருக்கிறது.

எலெகான்ட்னி முன்கூட்டியே பழுக்கும். போத்தல் வடிவப் பழம், பழுக்கும்போது கரும் செரி நிறம். பழுத்தும் உடனே உதிராமல் கிளையில் நிற்கும் என்பது இதன் பெரிய குணம். வேலைக்குப் போய்க்கொண்டு சனிக்கிழமை மட்டும் தோட்டத்துக்கு வருகிறவர்கள் இதை முதலில் யோசிக்கலாம். கீவில் ஆகஸ்ட் முதல் பாதியில் பழுக்கிறது. அங்கே கோடை சூடு அதிகம், மேகமூட்டமான ஊர்களில் சில வாரம் தள்ளிப்போகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தள்ளிப்போதல் எல்லாக் கீவ் இரகத்துக்கும் பொருந்தும்.

லுக்யானிவ்ஸ்கி பேரிக்காய் வடிவத்தில் இருக்கும், வைடுபெட்ஸ்கி பெரிய, கருஞ்சிவப்புப் பழம். இரண்டும் நடுப்பருவம். சமையலுக்கும் கையில் தின்னவும் பொதுவாக ஒன்று வேண்டுமென்றால் இவற்றில் எது கிடைக்கிறதோ அதை எடுங்கள். ஸ்வெட்லியாசோக் இன்னும் பெரிது, கொஞ்சம் பின்தங்கிப் பழுக்கும். மலையடிவாரத்தில், உயரமான ஊரில் இருப்பவர்கள் பின்பருவ இரகத்தில் கை வைக்காமல் இருப்பது நல்லது. அக்டோபர் குளிர் வந்த பிறகு சிவந்து நிற்கும், இனிப்பு ஏறாது.

யோலிகோ ஆஸ்திரியத் தேர்வு. 6 கிராம் அளவுக்குப் பழம், கொட்டை சிறியது, இனிப்பு நன்றாக ஏறும். செப்டம்பர் நடுவில் பழுக்கும். ஜெர்மன் மொழி பேசும் நாடுகளில் மிகச் சுலபமாகக் கிடைப்பதும் இதுதான். கடைக்காரர் பெரும்பாலும் இதையே கையில் கொடுப்பார், வாங்கலாம். ஆனால் ஒரே தெருவில் எல்லோரும் யோலிகோவே நட்டால் ஒன்றுக்கொன்று மகரந்தம் கொடுக்க முடியாது என்பதை மறக்கக்கூடாது.

கஸன்லாக்கர் பல்கேரியாவின் கஸன்லாக் ஊர்ப் பெயரைச் சுமக்கிறது, பேரிக்காய் உருவம். வெப்பமான, வறண்ட இடத்துக்கு இதைப் பார்க்கலாம். ஸ்லோவாக்கியாவின் தேவின், டிட்டுஸ் இரண்டும் வியன்னாவைச் சுற்றியுள்ள பகுதிக்குப் பொருத்தம், சூழல் ஒன்றுதான்.

மஞ்சள் பழ இரகங்களும் உண்டு. ஃபிளாவா பழையது, கீவிலிருந்து யாந்தார்னி, நிஷ்னி போன்றவை வந்திருக்கின்றன. மஞ்சள் பழத்தில் துவர்ப்பு குறைவு, குழந்தைகள் சாப்பிடும். ஜாம் செய்தால் சிவப்பின் அந்தக் கனமான நிறமும் தூக்கலும் வராது. இடம் மிச்சம் இருந்தால் மட்டும் நடுங்கள், முதல் மரமாக வேண்டாம்.

மக்ரோகார்ப்பா என்று எழுதியிருந்தால் கொஞ்சம் நிதானிக்கவும். பெரிய பழம் என்பதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது, ஒவ்வொரு நர்சரியிலும் ஒவ்வொரு மரம் அந்தப் பெயரில் ஓடுகிறது. எந்த மரத்திலிருந்து ஒட்டு எடுத்தது என்று கேளுங்கள். அதேபோல கோல்டன் குளோரி பூவுக்காகத் தேர்ந்தெடுத்த இரகம், பழம் அதில் இரண்டாம் பட்சம்.

துணை மரம் இல்லாமல் நடாதீர்கள்

ஒவ்வொரு பூவிலும் ஆண் பெண் உறுப்பு இரண்டும் உண்டுதான். ஆனாலும் தன் மகரந்தத்தில் மிகக் குறைவாகவே காய்க்கும், சில மரம் காய்க்கவே காய்க்காது. இரண்டு யோலிகோ நட்டாலும் கணக்கு ஒன்றுதான், ஏனென்றால் இரண்டும் ஒரே மரத்தின் துண்டுகள். வேறு இரகமோ விதைக் கன்றோ வேண்டும். விதைக் கன்று ஒவ்வொன்றும் தனி மரபு என்பதால் எந்த இரகத்துக்கும் துணை நிற்கும், விலையும் குறைவு. மேலே இரண்டும் வேண்டும் என்றது இதனால்தான்.

பக்கத்துப் பூங்காவிலோ அயலவர் வேலியிலோ ஏற்கெனவே மரம் இருந்தால் துணை மரத்துக்குச் செலவே இல்லை. மார்ச்சில் ஒரு நடை சுற்றி வந்தால் மஞ்சள் பூ காட்டிக் கொடுத்துவிடும். ஃபோர்சீத்தியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபோர்சீத்தியாவில் நீண்ட நான்கு இதழ் தெளிவாக மணி மாதிரி விரியும், இதில் சின்னச் சின்னப் பூக்கள் ஒரு கொத்தாகக் குவிந்திருக்கும்.

சங்கத் தோட்டமாக இருந்தால் நடும் முன் விதிமுறையைப் படித்துவிடுங்கள். பல இடங்களில் மர உயரத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். இது 4 முதல் 6 மீட்டர் போகும், ஆனால் மெதுவாகத்தான் போகும்.

கன்று வாங்கும்போது

இலையுதிர் காலத்தில் போனால் மொட்டைப் பாருங்கள். கூராக, ஒல்லியாக ஒட்டிக்கொண்டிருப்பது இலை மொட்டு. குட்டைக் காம்பில் மிளகு போல உருண்டு நிற்பது அடுத்த வசந்தத்தின் பூ. உருண்ட மொட்டு உள்ள கன்று காய்ப்புக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தண்டின் கீழ்ப்பகுதியில் ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடுங்கள். லேசான வளைவோ, பட்டையில் நிற மாற்றமோ இருக்க வேண்டும். இரகப் பெயரும் விலையும் இருந்து, ஒட்டுத் தழும்பும் இல்லை, பதியம் என்றும் சொல்லவில்லை என்றால் கேள்வி கேட்க வேண்டியதுதான்.

நடுவது

தொட்டியும் மண்ணும் இல்லாமல் விற்கும் வெறும் வேர்க் கன்றை அக்டோபர், நவம்பரில் நடுவது உத்தமம், தவறினால் மார்ச். தொட்டிக் கன்றை மண் உறையாத, கடும் வெயில் இல்லாத எந்த நாளிலும் நடலாம். குழி வேர்க்கட்டியைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் வேர்க்கட்டி அளவு போதும். ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலே ஒரு கையகலம் தெரிய வேண்டும். மரத்துக்கு மரம் 4 மீட்டர், வேலியாக என்றால் ஒன்றரை மீட்டர்.

வேர் மேலோட்டமாகப் பரவும். அதனால் அடியில் மண்வெட்டி போட்டுக் கொத்தாதீர்கள். புல்லை ஒரு மீட்டர் வட்டத்துக்கு எடுத்துவிட்டு, காய்ந்த இலையோ மரத்தூளோ மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிப் போடக்கூடாது. முதல் இரண்டு கோடை மட்டும் வாரம் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர். உரம் என்று பார்த்தால் வசந்தத்தில் இரண்டு கூடை மக்கு உரம் போதும். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் கிளைதான் நீளும்.

கவாத்து

பூ மொட்டு கோடையிலேயே உருவாகிவிடும். எனவே இலையுதிர் காலத்தில் வேலி வெட்டுகிற கத்தரியை எடுத்துக்கொண்டு வட்டமாகச் செதுக்கினால் அடுத்த ஆண்டுப் பழத்தைத்தான் வெட்டிப் போடுகிறீர்கள். பூங்கா மரங்கள் பல பூக்காமல் நிற்பதற்கு இதுதான் காரணம். குறுக்கே ஓடுகிற கிளை, காய்ந்த கிளை, நடுவில் நெருக்கும் கிளை ஆகியவற்றை மட்டும் அடியோடு எடுங்கள், நுனியைக் கிள்ள வேண்டாம். பூத்து முடிந்த கையோடு செய்தால் எது காய்க்கும் கிளை என்று கண்ணுக்கே தெரியும்.

ஒட்டுக்குக் கீழே துளிர் வந்தால் தயங்காமல் கிழித்தெடுங்கள். விட்டால் சில ஆண்டில் யோலிகோ போய், ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிமரம்தான் மிஞ்சும்.

வெட்டிய கட்டையை எரிக்காதீர்கள். இந்த மரம் தண்ணீரில் மூழ்கும் அளவுக்கு அடர்த்தி. பழைய கிரேக்கர்கள் ஈட்டிக் காம்புக்கு எடுத்தார்கள், ஜெர்மனியில் யேனா நகரத்து மாணவர்கள் கையில் வைத்திருந்த சீகன்ஹைன் ஊன்றுகோலும் இதில் செய்ததுதான். மண்வெட்டிக்குப் பிடி போட இதைவிடச் சிறந்த கட்டை கிடைக்காது.

நீங்களே கன்று உண்டாக்க நினைத்தால்

குச்சி நட்டால் வேர் பிடிப்பது கடினம். சுலபமான வழி பதியம்: தாழ்ந்த கிளையை வளைத்து, பட்டையைக் கொஞ்சம் சீவி, மண்ணில் புதைத்துக் கல் வைத்துவிடுங்கள். ஓரிரு ஆண்டில் வேர் பிடிக்கும், இரகமும் மாறாது. மொட்டு ஒட்டு ஜூலை கடைசி, ஆகஸ்டில் போடுவார்கள், அடிமரம் விதைக் கன்று.

விதைக்குப் பொறுமை வேண்டும். கொட்டைக்கு முதலில் மூன்று நான்கு மாத ஈரச் சூடு, பிறகு மூன்று நான்கு மாதக் குளிர், இரண்டும் கிடைத்தால்தான் முளைக்கும். இலையுதிர் காலத்தில் வெளியே விதைத்தால் பெரும்பாலும் இரண்டாவது வசந்தத்தில்தான் தலை காட்டும். முதல் வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள்.

பழம் எடுப்பது

சிவந்துவிட்டது என்று பறித்தால் வாய் துவர்த்துச் சுருங்கிவிடும். ஒரே கொத்தில் ஒன்று பளபளவென்று சிவந்து கல்லாக இருக்கும், பக்கத்திலேயே இன்னொன்று கறுப்புக்கு நெருங்கிய சிவப்பில், மெத்தென்று, தொட்டதுமே கையோடு வரும். இரண்டாவதுதான் பழம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு வாரம் பழுக்கும். மரத்தடியில் பழைய விரிப்போ வலையோ போட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை கிளையை லேசாக உலுக்கிச் சேர்ப்பதுதான் வழி. இந்த இழுப்பு ஜாம் தொழிற்சாலைக்குத் தலைவலி, வீட்டுக்கு வசதி. கொஞ்சம் முந்திப் பறித்ததை அறை வெப்பத்தில் இரண்டு மூன்று நாள் பரப்பி வைத்தால் மெதுவாகும்.

சமையலுக்கு எது

ஜாமுக்கு விதை மரப் பழம், கூடவே முழுதும் பழுக்காத சிவப்புப் பழம் ஒரு பங்கு. பெக்டின் அதில் நிறைய இருப்பதால் தானாகவே கெட்டியாகும். கிலோவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் விட்டு, தோல் வெடிக்கும் வரை கொதிக்க வைத்து, கையால் சுற்றுகிற அரைப்பு வடிகட்டியில் போட்டுச் சுற்றுங்கள். கொட்டை வந்து துளையை அடைக்கும், அப்போது இரண்டு சுற்றுப் பின்பக்கம் திருப்பினால் விலகும். சதை ஒரு கிலோவுக்குச் சீனி 700 கிராமிலிருந்து. சீனி போடாத சதையைச் சின்னச் சின்னப் பெட்டியில் உறைய வைத்தால் புளிக்குப் பதில் ரசத்திலும் மீன் குழம்பிலும் போடலாம். நிறம் மட்டும் கொஞ்சம் சிவப்பாகத் தெரியும்.

ஆஸ்திரியாவில் பச்சைக் காயை உப்புநீரில் ஊற வைத்து ஒலிவ் போலச் சாப்பிடுகிறார்கள். ஈரானில் உப்புப் போட்ட பழமே நொறுக்குத்தீனி. நமக்கு ஊறுகாய். அதற்குப் பச்சை மாறி மஞ்சளும் இளஞ்சிவப்புமாகத் திரும்புகிற காய் வேண்டும். லுக்யானிவ்ஸ்கி, யோலிகோ மாதிரிப் பெரிய இரகமாக இருந்தால் கொட்டையைச் சுற்றிக் கடிக்கச் சதை இருக்கும். கழுவித் துடைத்து, ஊசியால் நாலைந்து இடத்தில் குத்தி, கிலோவுக்கு 100 முதல் 120 கிராம் உப்பும் மஞ்சளும் போட்டுத் தினமும் குலுக்கி விடுங்கள். ஒரு வாரத்தில் தண்ணீர் விட்டுத் தோல் சுருங்கும். அப்புறம் வறுத்துப் பொடித்த வெந்தயம், மிளகாய்த்தூள், கடுகு தாளித்து ஆற வைத்த நல்லெண்ணெய். எண்ணெய் காய்க்கு மேலே நிற்க வேண்டும். விருந்தாளிக்குப் பரிமாறும்போது உள்ளே கொட்டை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வையுங்கள்.